அமெரிக்கன் ஃபுட்பாலில் வாயால் ஏமாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளி அணியில் பிள்ளைகள் விளையாடுகிற பெற்றோர்களும், ஞாயிற்றுக்கிழமை டிவியில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பார்க்கப் பழகிய நண்பர்களும் ஒரே வகைச் சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கத்தலாமா, பொய் சொல்லலாமா, நடிக்கலாமா, எங்கே நடுவரின் தண்டனைக் கொடி விழும்? அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன்: முன்வரிசையான லைனின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் நொடிதான் ஸ்நாப். கீழே வருகிற பாதிக் கேள்விகள் அதற்கு முந்தைய சில நொடிகளைப் பற்றியவை.

ஃபுட்பாலே எதிரணியை ஏமாத்துற ஆட்டம்தானே? அப்புறம் எதுக்கு ஏமாத்தக் கூடாதுன்னு விதி?

ஏமாற்றுவது ஆட்டத்தின் உயிர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஓடப்போவதாகக் காட்டிவிட்டுப் பந்தை வீசுவது, இடப்பக்கம் வீசுவது போல் கையை ஓங்கிவிட்டு வலப்பக்கம் வீசுவது, உதைக்கப்போவதாக நின்றுவிட்டுப் பாஸ் கொடுப்பது எல்லாமே விதிக்கு உட்பட்டவை. கல்லூரி அணிகள் மோதிய 2007 ஃபியெஸ்டா பவுலில் பாய்சி ஸ்டேட் அணி கடைசி இரண்டு புள்ளிகளை எடுத்து ஓக்லஹோமாவை 43-42 என்று வென்றதும் இப்படித்தான். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒரு கையால் வீசுவது போல் பாவனை செய்துகொண்டே, முதுகுக்குப் பின்னால் மற்றக் கையால் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்தார். அதைக் குறை சொன்னவர் யாருமில்லை.

கோடு வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்து என்ன ஆட்டம் வரப்போகிறது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். ஆட்டம் இப்போது நடக்கிறதா, நின்றிருக்கிறதா என்பதில் ஏமாற்றக் கூடாது. உயர்நிலைப் பள்ளிகளுக்கான விதி விளக்கங்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: தந்திரம் ஆட்டத்தின் பகுதி, ஆனால் ஏதோ சிக்கல் வந்துவிட்டது, ஸ்நாப் இப்போதைக்கு வராது என்று எதிரணியை நம்பவைக்கும் பேச்சும் செயலும் நேர்மையின் எல்லையைத் தாண்டியவை. இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

டிவியில பார்க்கிற விதியும் பையனோட பள்ளிக்கூட விதியும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. நிறைய வாக்குவாதங்கள் இதனால்தான் வருகின்றன. தொழில்முறை ஆட்டத்துக்கு என்.எஃப்.எல். விதிப்புத்தகம், கல்லூரிக்கு என்.சி.ஏ.ஏ. விதிப்புத்தகம், பெரும்பாலான மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு என்.எஃப்.எச்.எஸ். விதிப்புத்தகம். டெக்ஸாஸ் இதற்கு முக்கியமான விதிவிலக்கு. அங்கே பள்ளி ஆட்டங்களும் சில மாற்றங்களோடு கல்லூரி விதிகளின்படியே நடக்கின்றன. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டர்பேக் ஸ்நாப்புக்கு முன்னாடி ஏதேதோ கத்துறாரே, அதெல்லாம் உண்மையா? அதுல பொய் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். அந்தக் கத்தலில் சில வார்த்தைகள் உண்மையான கட்டளை, சில வெறும் சத்தம். எது எது என்று எதிரணிக்குத் தெரியாமல் இருப்பதுதான் நோக்கம். டென்வர் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் கத்திய 'ஒமாஹா' பிரபலமானது. 2014 ஜனவரியில் டென்வர் அணி சான் டியேகோவோடு மோதிய பிளே ஆஃப் ஆட்டத்தில் அவர் அதை 44 தடவை சொன்னதாக எண்ணிச் சொன்னார்கள். அதை நம்பி எதிரணியினர் பலமுறை முன்னால் பாய்ந்து பெனால்டி வாங்கினார்கள். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எதிரணிக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

குரலை ஏத்தி இறக்கி டிஃபென்ஸைக் குதிக்க வைக்கிறாங்களே, அது அநியாயம் இல்லையா?

இதை ஹார்டு கவுண்ட் என்பார்கள். வழக்கமாக 'ஹட்' என்ற சத்தத்துக்குப் பந்து வரும் என்றால், இந்தத் தடவை முதல் 'ஹட்'டை அழுத்திச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ பந்தை வாங்குவது. மூன்று விதிப்புத்தகங்களும் இதை அனுமதிக்கின்றன. டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் அணியின் ஆட்டக்காரர் பார்க்க வேண்டியது பந்தை. காதை நம்பிப் பாய்ந்தால் பொறுப்பு அவருடையதுதான்.

குரலுக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் உடம்புக்கு இல்லை. ஸ்நாப் வந்தது போல் தலையை வெடுக்கென்று ஆட்டுவது, கையைச் சட்டென்று நீட்டுவது, லைனில் ஒருவர் துள்ளுவது ஆகியவை ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது ஸ்நாப்புக்கு முன்பே கிளம்பிய தவறு. அணி 5 யார்டு பின்னால் போக வேண்டும்.

குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஹார்டு கவுண்டில் கெட்டிக்காரர். எதிரணியைப் பாயவைத்து, பெனால்டி தன் பக்கம் உறுதியான தைரியத்தில் நீளமாகப் பந்தை வீசுவார். பெரிய வெற்றி கிடைத்தால் லாபம், எதிரணி பந்தைப் பிடித்துவிட்டாலும் நஷ்டமில்லை. பள்ளியில் இதை எதிர்பார்க்காதீர்கள். என்.எஃப்.எச்.எஸ். விதியில் டிஃபென்ஸ் கோட்டைத் தாண்டிய உடனேயே விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 5 யார்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்போ டிஃபென்ஸும் 'ஹட்'னு கத்தி அவங்களைக் குழப்பலாமே?

கூடாது. பந்தை வைத்திருக்கும் அணியான அஃபென்ஸ் கொடுக்கும் சமிக்ஞையைப் போலவே சத்தம் எழுப்புவதும், அதில் குறுக்கிட்டுக் குழப்புவதும் மூன்று இடங்களிலும் தடை. தண்டனையில்தான் வித்தியாசம். கல்லூரியில் இது ஆட்டத்தைத் தாமதப்படுத்திய குற்றமாகி 5 யார்டு. பள்ளியிலும் என்.எஃப்.எல்.லிலும் விளையாட்டு நேர்மைக்கு எதிரான நடத்தையாகி 15 யார்டு. கத்தலைக் கேட்டு அஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் அசைந்துவிட்டால், நடுவர் சரியாகக் கவனித்திருக்கும்பட்சத்தில் ஃபால்ஸ் ஸ்டார்ட் தர மாட்டார். கத்தியவர் மேல்தான் கொடி விழும்.

ஒரு பக்கம் கத்தலாம், இன்னொரு பக்கம் கத்தக் கூடாதுன்னா ஓரவஞ்சனை இல்லையா?

மேலோட்டமாக அப்படித்தான் தெரியும். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். பந்து எப்போது கிளம்பும் என்று தீர்மானிக்கும் உரிமை அஃபென்ஸுக்கு உண்டு. அதற்கு ஈடாக அவர்கள் மேல் கடுமையான கட்டுப்பாடும் உண்டு. லைனில் கையைத் தரையில் ஊன்றியவர் ஸ்நாப் வரை அசையக் கூடாது. பதினொரு பேரும் ஸ்நாப்புக்கு முன் ஒரு நொடியாவது சேர்ந்து நிலையாக நிற்க வேண்டும். அதே நேரத்தில் டிஃபென்ஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் இஷ்டம் போல் நடமாடலாம், இடம் மாறலாம், பாயப்போவதாகப் பாவனை காட்டலாம்.

அசையாமல் நிற்பவர்கள் கிளம்புவதற்கு நம்பியிருப்பது தங்கள் அணியின் குரலை மட்டுமே. அந்தக் குரலையும் எதிரணி திருடலாம் என்றால் ஒவ்வொரு ஸ்நாப்பும் சண்டையில்தான் முடியும். டிஃபென்ஸுக்கு அப்படிப்பட்ட குரல் எதுவும் தேவையில்லை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் பந்து இருக்கிறது. எனக்கு இது நியாயமான பங்கீடாகத்தான் படுகிறது.

ஆனா டிஃபென்ஸ் ஆளுங்க 'மூவ், மூவ்'னு கத்துறதைக் கேட்டிருக்கேன். கொடி விழலையே?

டிஃபென்ஸுக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரிமை உண்டு. லைனில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் நகர வேண்டும் என்றால் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அது உண்மையான கட்டளையாக இருந்து, அஃபென்ஸின் தாளத்தோடு ஒட்டாமல் இருந்தால் தவறில்லை. குவார்ட்டர்பேக் வாய் திறக்கும்போதெல்லாம் சரியாக அதே நொடியில், அதே ஓசையில் கத்தினால்தான் சந்தேகம் வரும்.

கை தட்டலும் இப்படித்தான். கல்லூரிகளில் இப்போது பல குவார்ட்டர்பேக்குகள் கை தட்டித்தான் பந்தைக் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட அணிக்கு எதிரே நின்றுகொண்டு டிஃபென்ஸ் கை தட்டினால், அதுவும் அவர்கள் சமிக்ஞையைப் போலி செய்வதுதான். வாயிலிருந்து சத்தம் வரவில்லை என்பது சாக்காகாது.

'டீ எங்கே?' பிளேன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

விளக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபீல்ட் கோல் உதைக்க அணி நிற்கிறது. பள்ளி ஆட்டத்தில் பந்தை வைத்து உதைக்க டீ என்ற சிறிய தட்டு அனுமதி. கிக்கர் சுற்றும்முற்றும் பார்த்து "டீ எங்கே?" என்று கத்துகிறார். கூட நிற்பவர் "நான் போய் எடுத்து வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அணியின் பெஞ்சை நோக்கி ஓடுகிறார். எதிரணி தளர்ந்து நிற்கிறது. அந்த நொடியில் ஸ்நாப். ஓடியவருக்குப் பாஸ், டச் டவுன்.

அவர் ஓடியது விதிப்படி சரியான அசைவாக இருக்கலாம், அணி நின்ற வடிவமும் சரியாக இருக்கலாம். ஆனாலும் இது செல்லாது. அந்த இரண்டு வாக்கியங்கள்தான் குற்றம். ஆட்டம் இன்னும் தயாராகவில்லை என்று அவை எதிரணியை நம்பவைக்கின்றன. டச் டவுன் போய், 15 யார்டு பெனால்டியும் வரும். பள்ளி விதி விளக்கத்தில் பாடம் போல எடுத்துக்காட்டப்படும் சம்பவம் இது.

2010ல டெக்ஸாஸ் பசங்க ஆடின அந்த வீடியோல டச் டவுன் குடுத்தாங்களே?

கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆட்டம் அது. எதிரணிக்கு 5 யார்டு பெனால்டி இருக்கிறது, பந்தை முன்னால் தள்ளி வை என்று ஓரத்திலிருந்து கோச் கத்தினார். சென்டர் நிதானமாகப் பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்க, அந்தப் பையன் யார்டு எண்ணுவது போல எதிரணிக்கு நடுவே நடந்தான். யாரும் தொடவில்லை. கடந்ததும் ஒரே ஓட்டம். புள்ளி கொடுக்கப்பட்டது, வீடியோ உலகம் முழுக்கப் பரவியது.

பார்க்கச் சிரிப்பாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோச் கத்தியது என்ன என்று பாருங்கள். பெனால்டி இருக்கிறதா இல்லையா என்று அறிவிப்பது நடுவரின் வேலை. அதை ஒரு பெரியவர் போலியாக அறிவித்து, நடுவரின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நிற்கப் பழகிய பிள்ளைகளை அந்தப் பழக்கத்தை வைத்தே ஏமாற்றினார். முதல் பதிலில் சொன்ன கோட்டுக்கு இது அப்பட்டமாக வெளியே. அந்தப் புள்ளி கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைப் பார்த்துவிட்டு மற்ற கோச்சுகளும் முயற்சி செய்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டம் நின்றுவிட்டதாக நம்பும் பையன் தோளைத் தளர்த்தி, தலையைத் திருப்பி நிற்பான். அந்த நேரத்தில் எதிரே நிற்பவன் முழு வேகத்தில் வந்து மோதினால் அடி பலமாக விழும். விசிலும் பெனால்டி அறிவிப்பும் புள்ளிக் கணக்குக்காக மட்டும் இருப்பவை அல்ல.

பேசாம, ஒண்ணும் சொல்லாம பந்தை வாங்கிட்டு மெதுவா நடந்து போனா?

அப்போது கேள்வி கடினமாகிறது. ஸ்நாப் கால்களுக்கு நடுவேதான் வர வேண்டும் என்று விதி இல்லை. தடங்கலில்லாத ஒரே அசைவில் பின்னோக்கி வந்தால் போதும். மெதுவாக நடப்பதும் குற்றமில்லை. எல்லோரும் நிலையாக நின்று, ஸ்நாப் சரியாக வந்து, வாயாலோ சைகையாலோ எந்தச் சிக்கலையும் காட்டாமல் ஒருவர் நடந்தே போனால், தூங்கிய டிஃபென்ஸ் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்த பிளே பேச்சு இல்லாமல் வேலை செய்வது அபூர்வம். தோளைக் குலுக்குவது, கோச் பக்கம் திரும்பி "என்ன?" என்று கையை விரிப்பது ஆகியவையும் பேச்சுக்குச் சமம் என்றுதான் நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படின்னா டேன் மரினோ 'கிளாக், கிளாக்'னு கத்தி ஏமாத்தினது மட்டும் எப்படிச் சரி?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் கோடு எவ்வளவு மெல்லியது என்று இது காட்டுகிறது. 1994 நவம்பர் 27. மரினோ குவார்ட்டர்பேக்காக ஆடிய மயாமி அணி நியூயார்க் ஜெட்ஸிடம் 24-21 என்று பின்தங்கியிருக்கிறது. அரை நிமிடம்கூட இல்லை. பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப்போவதாக மரினோ கத்துகிறார், கையாலும் காட்டுகிறார். ஜெட்ஸ் தளர்கிறது. பந்தை வாங்கியவர் தரையில் அடிக்காமல் மார்க் இங்ரமுக்கு வீசுகிறார். டச் டவுன், 28-24.

பந்தைத் தரையில் அடிப்பது ஆட்டத்தை நிறுத்தும் அறிவிப்பு இல்லை. அதற்கும் ஸ்நாப் வேண்டும், லைன் நிற்க வேண்டும், எதிரணி பாயலாம். அதாவது அதுவும் ஒரு பிளேதான். மரினோ "ஸ்நாப் வரப்போவதில்லை" என்று சொல்லவில்லை. "இந்த ஸ்நாப்பில் இதைச் செய்யப்போகிறேன்" என்றுதான் பொய் சொன்னார். ஓடப்போவதாகக் காட்டிவிட்டு வீசுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஸ்நாப் வருகிறது என்று தெரிந்த பிறகும் தளர்ந்து நின்றது ஜெட்ஸின் தவறு.

ஃபிலி ஸ்பெஷல்ல நிக் ஃபோல்ஸ் ஏதோ சொல்லிக்கிட்டே நடந்து போனாரே, அது?

2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல். நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி; கோல் கோட்டுக்கு ஒரு யார்டு. பிலடெல்பியா குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ் லைன் ஆட்களுக்கு ஏதோ திருத்தம் சொல்லப்போவது போல வலப்பக்கம் நகர்ந்தார். பந்து நேராகக் கோரி கிளெமென்ட்டுக்குப் போய், அங்கிருந்து ட்ரே பர்ட்டன் கைக்கு மாறி, அவர் வீசியதை ஃபோல்ஸே பிடித்தார். குவார்ட்டர்பேக் லைனிடம் பேசுவது எல்லா ஆட்டத்திலும் நடப்பதுதான், அதைப் பார்த்து யாரும் ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைக்க மாட்டார்கள். மரினோ கதைக்குச் சொன்ன அதே காரணம் இங்கேயும் பொருந்தும்.

இதையே ஒரு பள்ளி குவார்ட்டர்பேக், "கோச், எனக்குப் பிளே புரியலை, என்ன சொன்னீங்க?" என்று பெஞ்சை நோக்கி நடந்துகொண்டே செய்தால் அது டீ கதையாகிவிடும்.

ஆளை மாத்துற மாதிரி நடிச்சு ஒருத்தரை ஓரத்துல ஒளிச்சு வைக்கலாமா?

கூடாது. வெளியே போவது போல நடந்து, கோட்டுக்கு உள்ளேயே ஓரமாகத் தங்கி, ஸ்நாப் வந்ததும் ஓடிப் பாஸ் பிடிக்கும் தந்திரம் மிகப் பழையது. போலியான ஆள் மாற்றம் மூன்று விதிப்புத்தகங்களிலும் தடை, 15 யார்டு. மாற்றும்போது "சீக்கிரம் வெளியே வா" என்று கோச் பொய்யாகக் கத்துவதும் இதில்தான் சேரும்.

பந்தைச் சட்டைக்குள் ஒளிப்பதும் அப்படியே. 1903இல் பாப் வார்னர் பயிற்சியளித்த கார்லைல் பூர்வகுடிப் பள்ளி அணி, ஹார்வர்டுக்கு எதிராக உதைக்கப்பட்ட பந்தைப் பிடித்து சார்ல்ஸ் டில்லனின் சட்டைக்குப் பின்னால் செருகி ஓடவிட்டு டச் டவுன் எடுத்தது. ஆனாலும் ஹார்வர்டுதான் 12-11 என்று வென்றது. இன்று அது முழுமையாகத் தடை செய்யப்பட்ட செயல்.

ரெஃபரியிடம் 'நான் ரிப்போர்ட் பண்றேன்'னு போறதை வச்சு எதிரணியைக் குழப்பினா?

பாஸ் பிடிக்கத் தகுதியுள்ளவர் யார் என்பது பெரும்பாலும் சட்டை எண்ணைப் பொறுத்தது. என்.எஃப்.எல்.லில் எண்ணுக்கு மாறாக விளையாட வேண்டுமானால் ரெஃபரியிடம் வாயால் சொல்ல வேண்டும். அவர் எதிரணிக்கு அறிவிப்பார். 2015 ஜனவரி 10 அன்று நியூ இங்கிலாந்து இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியது. ஷேன் வெரீன் தகுதியில்லாதவராக ரிப்போர்ட் செய்துவிட்டு, பாஸ் பிடிப்பவர் நிற்கும் இடத்தில் போய் நின்றார். பால்டிமோர் அவரைக் காவல் காத்தது, பந்து வேறொருவருக்குப் போனது. பால்டிமோர் கோச் ஜான் ஹார்பா கோபத்தில் மைதானத்துக்குள்ளேயே வந்து பெனால்டி வாங்கினார். நியூ இங்கிலாந்து 35-31 என்று வென்றது. அன்றைய விதிப்படி அது செல்லும். அந்த ஆண்டே விதி மாறியது: இப்படி ரிப்போர்ட் செய்பவர் லைனின் நடுப்பகுதியை விட்டு விலகி நிற்கக் கூடாது.

2023 டிசம்பர் 30 அன்று டெட்ராய்ட், டாலஸுக்கு எதிராக இன்னொன்று முயன்றது. லைன் ஆட்கள் பலர் ஒரே நேரத்தில் ரெஃபரி பக்கம் போனார்கள், யார் ரிப்போர்ட் செய்தார் என்று டாலஸுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. கடைசியில் ரெஃபரியே டேன் ஸ்கிப்பர் என்று அறிவித்தார். பந்தைப் பிடித்ததோ டெய்லர் டெக்கர். இரண்டு புள்ளிகள் ரத்தாகி, டாலஸ் 20-19 என்று வென்றது. டெக்கர் சொன்னாரா இல்லையா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எதிரணியைக் குழப்பும் முயற்சிக்குள் நடுவரையும் இழுத்துவிட்டால் அடி யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

சறுக்கி விழுற மாதிரி நடிச்சு ஓடினாரே ஒரு பிட்ஸ்பர்க் பையன், அது சரியா?

கென்னி பிக்கெட், 2021 டிசம்பர் 4, வேக் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக. குவார்ட்டர்பேக் கால் நீட்டிச் சறுக்கினால் அவரை அடிக்கக் கூடாது என்பது அவரைக் காக்கும் விதி. அவர் சறுக்கத் தொடங்குவது போலக் காட்டியதும் எதிரணியினர் நின்றுவிட்டார்கள். அவர் ஓடி 58 யார்டு டச் டவுன் எடுத்தார். அன்று அதைத் தடுக்க விதி இல்லை. சில நாட்களுக்குள்ளேயே, சறுக்குவதாகப் பாவனை செய்தால் அந்த இடத்திலேயே பந்து நின்றதாகக் கருத வேண்டும் என்று கல்லூரி விதியாளர்கள் அறிவித்தார்கள். வாய் திறக்காவிட்டாலும் இதுவும் "ஆட்டம் முடிந்தது" என்று சொல்லும் பொய்தான்.

காயம்பட்டதாக நடிப்பதும் இதே குடும்பம். எதற்காகவும் அப்படி நடிப்பது அறமற்றது என்று கல்லூரி விதிப்புத்தகத்தின் நெறிமுறைப் பகுதியே சொல்கிறது. 2025 முதல் இன்னும் இறுக்கினார்கள்: அடுத்த ஆட்டத்துக்குப் பந்து வைக்கப்பட்ட பிறகு ஒருவர் விழுந்து மருத்துவர்கள் உள்ளே வந்தால், அந்த அணிக்கு ஒரு டைம் அவுட் போகும்; டைம் அவுட் மிச்சமில்லையென்றால் 5 யார்டு.

எதிராளியைத் திட்டலாமா? கிண்டல் பண்ணலாமா?

ஏமாற்றுப் பேச்சும் வசைப்பேச்சும் வேறு வேறு. வசைக்கு 15 யார்டு, இப்படி இரண்டு தடவையானால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். மூன்று நிலைகளிலும் அப்படித்தான். என்.எஃப்.எல். 2021இல் இதில் கண்டிப்பைக் கூட்டச் சொன்னது. கல்லூரியில் இன்னொரு கண்டிப்பு உண்டு. 2011 முதல், கோல் கோட்டை எட்டும் முன்பே எதிரணியைப் பார்த்துக் கேலி செய்தால் அந்த டச் டவுனே ரத்து.

ரசிகர்கள் கத்தி குவார்ட்டர்பேக் குரலே கேட்காம பண்றாங்களே, அதுக்கு விதி இல்லையா?

தொண்டையிலிருந்து வருகிற சத்தத்துக்குத் தடையில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்தால் தடை. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2013, 2014 சீசன்களில் பதிவு செய்த கூட்டச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டது தெரியவந்து, 3,50,000 டாலர் அபராதமும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றுத் தேர்வு இழப்பும் கிடைத்தன.

ஸ்நாப் ஆன பிறகு 'பந்தை எனக்குக் குடு'ன்னு எதிரணி ஆளே கத்தினா?

டிஃபென்ஸ் குரலுக்கு மேலே சொன்ன தடை ஸ்நாப்பைக் குறித்தது. ஆட்டம் ஓடத் தொடங்கிய பின் "பால்!" "ரன்!" என்று கத்துவது சகஜம். பந்தோடு ஓடுபவர் குரலை மட்டும் நம்பிப் பின்னால் வீசி, அது எதிரணி கையில் விழுந்தால் அது அவர் கவனக்குறைவு. "விசில் அடிச்சாச்சு, நில்லு" என்று கத்துவது மட்டும் வேறு; அது நடுவரின் இடத்தில் நின்று பேசுவது. அதை அடுத்த பதிலில் வரும் விதியின் கீழ் தண்டிக்கலாம்.

விதியில எழுதாத புதுத் தந்திரம் ஒண்ணைக் கொண்டு வந்தா நடுவர் என்ன பண்ணுவார்?

எழுதாதது எல்லாம் அனுமதி என்று அர்த்தமில்லை. அப்பட்டமான அநியாயச் செயல் என்று நடுவர் கருதினால், தனக்கு நியாயமாகப் படும் தண்டனையைக் கொடுக்கலாம், புள்ளியைக்கூட வழங்கலாம். 1954 காட்டன் பவுலில் அலபாமாவின் டாமி லூயிஸ் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்து பந்தோடு ஓடிய ரைஸ் அணியின் டிக்கி மேகிளைத் தள்ளிவிட்டார். நடுவர்கள் ரைஸுக்கு 95 யார்டு டச் டவுன் கொடுத்தார்கள்.

2025 ஜனவரி 26 அன்று பிலடெல்பியா கோல் கோட்டருகே நின்றபோது, வாஷிங்டனின் ஃப்ரான்கி லூவு ஸ்நாப்புக்கு முன்பே மறுபடி மறுபடி லைனைத் தாண்டிக் குதித்தார். இனியும் தொடர்ந்தால் புள்ளியை நேரடியாகக் கொடுக்கவும் முடியும் என்று ரெஃபரி ஒலிபெருக்கியில் எச்சரித்தார். அதோடு நின்றது.

கிரிக்கெட்ல இந்த மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. 2017இல் வந்த கிரிக்கெட் விதித்தொகுப்பில் 41.5 என்ற விதி, பேட்ஸ்மேனைச் சொல்லாலோ செயலாலோ வேண்டுமென்றே திசைதிருப்புவதையும் ஏமாற்றுவதையும் தடை செய்கிறது. தண்டனை 5 ரன். பந்து கையில் இல்லாதபோதே எறிவது போல் நடித்து ரன் ஓடுபவரைத் தயங்கவைப்பதும் இதில் வரும். அந்த செப்டம்பரிலேயே ஆஸ்திரேலிய உள்நாட்டு ஆட்டத்தில் மார்னஸ் லபுஷேன் இதற்காகத் தண்டிக்கப்பட்டார். கூக்ளி போட்டு ஏமாற்றலாம், 'யெஸ்' என்று கத்தி எதிரணி பேட்ஸ்மேனை ஓடவைக்கக் கூடாது. ஃபுட்பாலில் சொன்ன அதே கோடுதான்.

என் பையனோட கோச் 'டீ எங்கே' மாதிரி ஒரு பிளே கத்துக் குடுக்கிறார். நாங்க என்ன பண்றது?

முதலில் அதில் பேச்சு என்ன என்று பையனிடம் கேளுங்கள். "ஏதோ தப்பா இருக்கு", "நேரம் கேட்டிருக்கோம்", "பெனால்டி", "நான் வெளியே போறேன்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் செல்லாது. இடம் மாறுவதும் பந்தைக் கை மாற்றுவதும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சரி.

கோச்சிடம் பேசும்போது சண்டையாகத் தொடங்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் இரு கோச்சுகளையும் தனித்தனியாகச் சந்தித்து, வழக்கத்துக்கு மாறான பிளே ஏதும் இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். எதிரணியிடம் சொல்ல மாட்டார்கள். "அங்கே இதைச் சொல்லிக் காட்டிவிட்டீர்களா?" என்று கேட்டாலே போதும். நல்ல பிளே என்றால் அவர் தயங்காமல் சொல்வார், நடுவர்களும் தவறுதலாக விசில் அடித்துக் கெடுக்காமல் தயாராக இருப்பார்கள். சொல்லத் தயங்குகிற பிளேயாக இருந்தால், பையன் அதில் ஓடுவதற்கு முன்பே பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.